மழைநாள் கோலம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "ஆரம்பிக்கிறேன், தொடர முடியவில்லை." கும்பகோணத்தில் 34 ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவள் நான். காலை ஆறு மணி வகுப்புக்குக் கட்டாயம் வருவேன் என்று சத்தியம் செய்துவிட்டு நான்காம் நாள் மாயமாகிப் போனவர்களை எண்ணி மாளாது. அதனால் இந்த இதழை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன். வத்தக்குழம்பு கேட்டவர்களும் நாத்தனாரைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியவரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு 27 வயது. குரூப் 4 தேர்வு மூன்று முறை எழுதிவிட்டேன். அறிவிப்பு வந்ததும் அட்டவணை போட்டு நாளுக்குப் பத்து மணி நேரம் படிப்பேன். நான்கு நாள் ஓடும். ஐந்தாம் நாள் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடவே மனம் வராது. எனக்கு மன உறுதி இல்லை என்கிறார் அப்பா. உண்மைதானா?
*வாசகர், விழுப்புரம்*

இல்லை தம்பி. நான்கு நாள் பத்துப் பத்து மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைக்கு மன உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? அது உங்களிடம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. உங்களிடம் இல்லாதது ஒரு சின்ன அளவு.

என் பயிலகத்தில் ஒருவருக்கு ஒரு மணி நேரம்தான் இயந்திரம். புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதல் வாரத்தில், "இன்னும் ஒரு மணி நேரம் அடிக்கிறேன் டீச்சர், தனியாகக் காசு தருகிறேன்" என்பார்கள். தர மாட்டேன். பழைய ரெமிங்டன் சாவிகளைப் பழகாத சுண்டுவிரலால் அழுத்தினால் இரண்டாவது மணி நேரத்தில் வலி பிடிக்கும். மறுநாள் காலை அந்த வலி அவனுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும். "இன்னும் கொஞ்சம் அடித்திருக்கலாமே" என்ற குறையோடு எழுந்து போகிறவன்தான் மறுநாள் ஆறு மணிக்கு வாசலில் நிற்பான். முதல் பாடம் என்ன தெரியுமா? இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே, எச், ஜே. பக்கம் பக்கமாக இதையேதான் அடிக்க வேண்டும். இப்படித் தொடங்கியவர்கள்தான் கீழ்நிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், மேல்நிலைக்கு 45 சொல் என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த வேகத்தை ஒரே நாளில் பத்து மணி நேரம் உட்கார்ந்து பிடித்தவர் ஒருவரும் இல்லை.

இனி என் அம்மாவின் கோலம். அறுபது ஆண்டு வாசல் தெளித்தவள் அவள். மார்கழியில் தெருவை அடைக்கிற மாதிரி இருபத்தொரு புள்ளிச் சிக்குக் கோலம் போடுவாள். பூசணிப்பூவோடு பார்க்கக் கண் கொள்ளாது. சாதாரண நாளில் ஏழு புள்ளி. ஐப்பசி அடைமழையில் வாசலில் தண்ணீர் கணுக்காலளவு ஓடும். அன்று திண்ணை ஓரத்தில், தூவானம் படாத இடமாகப் பார்த்து, நான்கு புள்ளி வைத்து ஒரு சுழி சுழிப்பாள். அரை நிமிட வேலை. அதுவும் கோலம்தான். வருகிற லட்சுமி அளவு நாடாவோடு வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டி இறந்தபோது தீட்டு என்று பதினாறு நாள் எங்கள் வாசல் வெறிச்சென்று கிடந்தது. பதினேழாம் நாள் அம்மா கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள், முந்தின நாள்தான் வைத்துவிட்டு வந்ததைப் போல. "பதினாறு நாள் விட்டுப்போயிற்றே, இனிமேல் எதற்கு?" என்று எந்த வீட்டிலாவது கோலத்தை அடியோடு கைவிட்டதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? விடுவதற்கும் முறை இருக்கிறது, திரும்ப எடுப்பதற்கும் முறை இருக்கிறது. உங்கள் அட்டவணையில் இருப்பதெல்லாம் மார்கழிக் கோலம் மட்டும். மழை வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை.

ஆகவே முதலில் மழைநாள் கோலத்தை முடிவு செய்யுங்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ். பத்தாம் வகுப்புத் தரம். ஆறு முதல் பத்து வரையிலான தமிழ்ப் பாடநூல்களிலிருந்து ஒரு செய்யுள், அதன் சொற்பொருள், நூற்குறிப்பு, அதை ஒட்டிப் பத்துக் கேள்வி. பதினைந்து நிமிடம் ஆகும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது முடித்துவிடலாம். காய்ச்சலில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். சாதாரண நாளுக்கு இரண்டு மணி நேரம், அதே நாற்காலியில், அதே நேரத்தில். பத்து மணி நேரத்தைத் தேர்வுக்கு முந்தைய மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிலகத்தில் வருகைப் பதிவேட்டை நானே எழுதுவேன். ஒரு நாள் வராதவனை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இரண்டாம் நாளும் வராவிட்டால் அன்று சாயங்காலமே யாரிடமாவது சொல்லி அனுப்பிவிடுவேன். மூன்றாம் நாள் போனால் அவன் பயிலகம் இருக்கிற தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போகத் தொடங்குவான். பெரிய கடைத்தெருவில் என்னைத் தூரத்தில் கண்டு சைக்கிளைத் திருப்பியவர்கள் உண்டு. முதல் நாள் வராதது சோம்பலால். அப்புறம் வராதது வெட்கத்தால். உங்கள் இரண்டு வாரமும் இந்த வெட்கம்தான் தம்பி, வேறொன்றும் இல்லை. அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

எந்தக் காரியத்தையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?
*வாசகி, சேலம்*

22ஆம் நாள் என்ன ஆயிற்று என்று எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த 21க்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960ஆம் ஆண்டு எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. மூக்கும் விழுந்துவிட்டது. வெறும் 21 மட்டும் ஊர் ஊராகச் சுற்றி உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் இருந்தவர்களும். 96 பேரைப் பிடித்து, மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் என்று ஆளுக்கொரு சின்னக் காரியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். யோசிக்காமல் தானாகக் கை போகிற நிலைக்குச் சராசரியாக 66 நாள் பிடிக்கிறது என்று தெரிந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிதான் இழுத்தடித்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. அதைப் படித்தபோது என் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொண்டேன்.

எனவே 21ஆம் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று உங்கள் மேல் குறை காணாதீர்கள். உங்களுடையது 254 நாள் ரகமாக இருக்கலாம்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். வயது 31. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிப்போனது. தனித்தேர்வராக எழுதி முடிக்க ஆசை. பெரும்பாலும் ஒன்றரை ஷிஃப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறேன். பிறகு சமையல், இரண்டு பிள்ளைகள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படியுங்கள் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எழுந்தும் பார்த்தேன். மெஷினில் தூங்கி விழுந்தேன்.
*பெயர் வேண்டாம், திருப்பூர்*

மகளே, நான்கு மணிக்கு எழுந்து சாதித்தேன் என்று பேசுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணிக்குக் காபி கொண்டு வந்து வைக்க வீட்டில் ஒருவர் இருக்கிறார். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் நீங்கள்தான். தூக்கத்தில் கை வைக்காதீர்கள். ஓவர்லாக் ஊசி விரலில் ஏறினால் படிப்பும் நிற்கும், சனிக்கிழமைச் சம்பளமும் நிற்கும்.

உங்கள் பிரச்சினைக்கு விடாமுயற்சி என்று பெயரே வைக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வந்து இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவரிடம் அது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. இல்லாதது நேரம். அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. ஏற்கெனவே நடக்கிற ஒன்றின் இடுக்கில்தான் செருக வேண்டும்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டு எழுதினார். "நன்றாகப் படிக்க வேண்டும்" என்று நினைப்பவரைவிட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவரே அதிகம் செய்து முடிக்கிறார் என்பதுதான் சாரம். நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதிதல்ல. விளக்கேற்றியதும் வாசல் கதவைத் திறக்கிறோம், அதற்கு யாரும் நினைவூட்டல் வைத்துக்கொள்வதில்லை.

கம்பெனியில் டீ நேரம் தவறாமல் வருகிறது அல்லவா? அதுதான் உங்கள் முடிச்சு. சனிக்கிழமை இரவு பழைய தினக் காலண்டர் தாள்கள் ஆறு எடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரே ஒரு கணக்கை எழுதுங்கள். அதிகம் வேண்டாம், ஒன்றே ஒன்று. முதல் மாதம் முழுக்கப் பின்னமும் சதவீதமும் போதும். அந்த இரண்டில்தான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். தினமும் ஒரு தாளை மடித்து டிபன் பையின் முன்பக்க உறையில் வையுங்கள். சாயங்கால டீ கைக்கு வந்ததும் தாள் வெளியே வர வேண்டும். விடை வந்தாலும் வராவிட்டாலும் டீ முடிந்ததும் தாள் உள்ளே போய்விட வேண்டும். ஆர்டர் அவசரம் என்று டீயையே குடிக்க விடாமல் விரட்டுகிற வாரத்தில் தாளைப் பிரித்து ஒரு முறை படித்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்டு என்று சொல்கிறேன். கிடைத்தால் படிக்கலாம் என்று காத்திருந்தால் கிடைக்காது. அந்த ஒரு மணி நேரம் தண்ணீர் பிடிப்பதும் துணி அலசுவதும் உங்கள் கணவர் வேலை. அவருக்கும் பழக்கமாக 66 நாள் ஆகலாம், பொறுமையாக இருங்கள். விடை வராத தாள்களை அன்று பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் காட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் கொள்ளை ஆசை.

ஆறு தாள் முடிந்த வாரம் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

சோம்பலுக்கு ஒரே வரியில் மருந்து சொல்லுங்கள்.
*வாசகர், நெய்வேலி*

ஒரே வரியில் கேட்பதே சோம்பல்தான் ஐயா. கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலங்கள் நான்கு என்கிறார் வள்ளுவர், மடியின்மை அதிகாரத்தில்: காலம் நீட்டிப்பது, மறதி, சோம்பல், தூக்கம். மறதியைச் சோம்பலுக்கு முன்னால், தனியாக வைத்திருக்கிறார் பாருங்கள். நாம் சோம்பல் என்று திட்டிக்கொள்வதில் பாதி வெறும் மறதி. மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்த அன்றே என் மாத்திரைச் சோம்பல் தீர்ந்தது.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 63. சர்க்கரை இருப்பதால் நடக்கச் சொன்னார் டாக்டர். நல்ல ஷூவும், அடி எண்ணுகிற கைக்கடிகாரமும் வாங்கினேன். பத்தாயிரம் அடி தாண்டாத நாளெல்லாம் தோற்றுப்போன மாதிரி இருக்கிறது. மழை வந்தால், விருந்தாளி வந்தால் நின்றுபோகிறது. இப்போது ஷூ பெட்டிக்குள், கடிகாரம் மேசை இழுப்பறைக்குள்.
*வாசகர், மதுரை*

ஐயா, அந்தப் பத்தாயிரம் டாக்டர் சொன்னதா, கடிகாரம் சொன்னதா? 1965ஆம் ஆண்டு ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி மானி என்று பொருள். வியாபாரத்துக்கு வைத்த பெயர் அது. அந்தப் பெயர்தான் இன்று உங்களைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில். நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கணக்கு என்பதால் விருந்தாளிக்கும் அதில் இடம் இருக்கிறது. உங்கள் சர்க்கரைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்ன வஞ்சகம் சொல்லித் தருகிறேன். வீட்டுக்குப் பால் பாக்கெட் போடுவதை நிறுத்துங்கள். (பேப்பர் போடுகிற பையனை நிறுத்திவிடாதீர்கள், பாவம், அவன் அதில்தான் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறான்.) வீட்டிலிருந்து கால் மணி நேர நடையில் இருக்கிற ஒரு பால் பூத்தைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துத் தெருவில் ஒன்று இருந்தாலும் அது உங்கள் கண்ணுக்குத் தெரியக் கூடாது. போய்வந்தால் அரை மணி. ஆரோக்கியத்துக்காக நடக்கப் போகிறவனை மழை தடுக்கும், பாலுக்குப் போகிறவனைத் தடுக்காது. அவன் குடையை எடுத்துக்கொள்வான். விருந்தாளி வந்தால் இன்னும் நல்லது, இரண்டு பாக்கெட் வேண்டும். கடிகாரம் உங்களைக் காலையில் எழுப்பிக் கேள்வி கேட்காது. காபிக்குப் பால் இல்லை என்றால் உங்கள் மனைவி கேட்பார்.

ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் வையுங்கள். பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அது அங்கே திரும்பிப் போய்விடும். புயல் எச்சரிக்கை நாளில் கூடத்துக்கும் கொல்லைக்குமாக இருபது முறை நடந்தால் அது உங்கள் நான்கு புள்ளி.

பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊரின் வரலாற்றை எழுதி வருகிறேன். கோயில் கல்வெட்டு, பழைய பத்திரங்கள், முதியவர்களின் பேச்சு என்று இரண்டு ஆண்டாகச் சேர்த்தும் ஒரு நோட்டுதான் நிரம்பியிருக்கிறது. "இன்னுமா முடியவில்லை?" என்கிறார்கள். எனக்கே அலுப்பாக இருக்கிறது.
*வாசகர், தஞ்சை மாவட்டம்*

எங்கள் ஊர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார் உ.வே.சாமிநாதையர். 1880ஆம் ஆண்டு இங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டது காதில் விழுந்த நாளிலிருந்து, அந்தக் காப்பியம் அச்சாகி வெளிவந்த 1887 வரை ஏழு ஆண்டு. அந்த ஏழு ஆண்டும் அவர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார். ஏடு தேடுவதும் ஒப்பிடுவதும் மிச்ச நேரத்தில் நடந்தவை. அவரிடமும் யாராவது "இன்னுமா?" என்று கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வாரம் ஒரு முதியவரைச் சந்தியுங்கள். கல்வெட்டு எங்கும் போகாது; அவர்கள் போய்விடுவார்கள். வரிசையை மட்டும் இப்படி மாற்றிக்கொள்ளுங்கள், மற்றபடி உங்கள் வேகத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. பரதநாட்டியம் ஆறு மாதம், கீபோர்டு நான்கு மாதம், இப்போது வயலின் மூன்றாவது மாதம். "பிடிக்கவில்லை, போக மாட்டேன்" என்கிறாள். விட்டுவிட்டால் எதையும் பாதியில் விடுகிற குணம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
*வாசகி, சென்னை*

மூன்றில் எதை அவள் கேட்டாள், எதை நீங்கள் கேட்டீர்கள்? கடிதத்தில் அது இல்லை. மூன்றையும் நீங்களே தேர்ந்தெடுத்திருந்தால், ஒன்பது வயதில் மூன்று முறை தன் விருப்பமின்மையில் உறுதியாக நின்ற பெண் அவள். விடாப்பிடி அவளிடம் நிறையவே இருக்கிறது.

வயலினை அவளே கேட்டிருந்தால் சங்கதி வேறு. மூன்றாம் மாதம் என்றால் இன்னும் சரளி வரிசையில் இருப்பாள், அல்லது ஜண்டை தொடங்கியிருப்பாள். மாயாமாளவகௌளையில் ச ரி க ம, மூன்று காலத்திலும். கேட்கிற நமக்கே கதவைச் சாத்தத் தோன்றும். வில்லைப் பிடித்து இழுக்கிற குழந்தைக்கு எப்படி இருக்கும்? விட அனுமதியுங்கள், ஆனால் இன்றைக்கே அல்ல. கோபத்தில் இருக்கும் நாளில் முடிவெடுக்கக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொடுங்கள். "சரஸ்வதி பூஜை வரை போ. விஜயதசமி அன்று நீயே சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அதுவரை தினமும் பத்து நிமிடம். பத்துக்கு மேல் அவளே வாசித்தாலும் சமையலறையிலிருந்து "போதும்" என்று குரல் கொடுங்கள்.

எனக்கு அந்தப் பண்டிகையில் பிடித்ததே இதுதான். பூஜையன்று புத்தகம், வாத்தியம், அரிவாள்மணை எல்லாவற்றையும் அடுக்கிவைத்து யாரும் தொடக் கூடாது என்கிறோம். மறுநாள் காலை எடுத்து ஒரு வரியாவது படிக்காமல், ஒரு ஸ்வரமாவது வாசிக்காமல் விட மாட்டோம். ஒரு வரி போதும். அந்தக் காலை அவள் வில்லை எடுத்து ஒரு ச வாசித்துவிட்டு, "அம்மா, எனக்கு வேண்டாம்" என்று நிதானமாகச் சொன்னால் வயலினை நல்ல விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் எதையாவது பாதியில் விட்டதுண்டா?
*வாசகி, மயிலாடுதுறை*

பட்டியல் தரட்டுமா? இந்தி இரண்டாம் பரீட்சையோடு நின்றது. வீணை வர்ணத்துக்கு முன்னால் நின்றது. பரணில் பதினோரு டைரிகள் இருக்கின்றன. எதிலும் ஜனவரி 19ஐத் தாண்டி ஓர் எழுத்து இல்லை. பேரன் அவற்றில் படம் வரைகிறான்.

சுருக்கெழுத்து வேகத் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். 1977 வாக்கில். வீட்டில் உட்கார்ந்து தெரிந்த பாடத்தையே அழகாக எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடுகள் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். தேர்வு அறையில் பழகாத ஒரு சொல் வந்ததும் பென்சில் நின்றுவிடும், படிக்கிறவர் எங்கோ போயிருப்பார். இரண்டாம் தோல்விக்குப் பிறகு என் அண்ணன்தான் வானொலியைக் காட்டினான். காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சமையலறை வாசலில் அரிசி டின் மேல் நோட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதுவேன். முதல் நாள் இரண்டு வாக்கியம் பிடித்தேன், அதற்குள் பிரதமர் வெளிநாடு போய்த் திரும்பிவிட்டார். வானொலியிடம் "கொஞ்சம் மெதுவாக" என்று கெஞ்ச முடியாது, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடவும் முடியாது. அதுதான் அதன் நல்ல குணம். செய்தி முடிகிற நேரத்துக்கு அம்மா காபியோடு வருவாள். எழுதாத நாளில் அந்தக் காபியைக் குடிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மாதக் கணக்கில் தவறிய வார்த்தைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், பிடித்தவற்றை எண்ணும் துணிச்சல் பிறகுதான் வந்தது. மூன்றாம் முறை தேறினேன்.

அம்மா போன பிறகு வாசல் என்னுடையதானது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழங்கால் தகராறு செய்து குனிய முடியாமல் போனது. மகள் எங்கிருந்தோ ஒட்டுக் கோலம் வாங்கி வந்தாள், தாமரையும் அன்னமும் போட்டு, அம்சமாகத்தான் இருந்தது. அதைப் பீரோவின் உள்கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஆறு வாரம் வாசலில் வெறும் தண்ணீர் தெளித்ததோடு சரி. இப்போது முக்காலி ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, கை எட்டுகிற தூரத்தில் நான்கு புள்ளி, ஒரு சுழி. வெயில் நாளிலும் அவ்வளவுதான். நேற்று அதிலும் ஒரு புள்ளி கோணலாகப் போயிற்று. கீரைக்காரம்மா கூடையோடு வந்தவள், பார்த்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டி வந்தாள்.